கசியாஸின் கால்கள்

2002 மே மாதம். உலகக் கோப்பைக்குப் புறப்பட ஸ்பெயின் அணி ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. முதல் கோல்கீப்பர் சாண்டியாகோ கன்யிசாரெஸ் தங்கும் விடுதியின் குளியலறையில் நின்றிருந்தபோது வாசனைத் திரவியப் பாட்டில் ஒன்று கைநழுவி விழுந்தது. பந்தோடு பழகிய உடம்பு சும்மா இருக்குமா? கீழே போகும் பொருளைக் காலால் தடுக்கப் பார்த்தார். கண்ணாடிச் சில்லு பாதத்தின் தசைநாரை அறுத்துவிட்டது. நான்காண்டுகள் காத்திருந்த உலகக் கோப்பை அந்தக் குளியலறைத் தரையிலேயே முடிந்தது. அவருடைய இடத்துக்கு வந்தவர், அப்போதுதான் 21 வயதைத் தொட்டிருந்த இக்கர் கசியாஸ். எட்டாண்டுகள் கழித்து ஜோகன்னஸ்பர்க்கில், உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், ஆர்யன் ராபன் அடித்த பந்தைக் கசியாஸ் நிறுத்தியது கையால் அல்ல. வலது காலால்.

ஒரு கோல்கீப்பரின் வாழ்க்கையைக் கால்களின் கதையாகச் சொல்வது விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் கசியாஸைப் பற்றி ஸ்பெயினில் இன்றும் ஓயாத வழக்கு, சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது. ஒரு தரப்புக்கு அவர் ‘புனித இக்கர்’. தோற்க வேண்டிய ஆட்டங்களைத் தனியாளாகக் காப்பாற்றியவர். மறுதரப்புக்கு அவர் கிராஸ் வந்தால் கோட்டைவிட்டு வெளியே வரத் தயங்குபவர், பந்தைக் காலில் வாங்கினால் தடுமாறுபவர், நல்ல நேரத்தில் நல்ல அணியில் இருந்தவர். இந்த வழக்கில் இரு தரப்பும் சொல்லும் சான்றுகளில் பெரும்பாலானவை உண்மையே. தீர்ப்பு மட்டும் ஏன் ஒன்றுசேர்வதில்லை என்பதுதான் இங்கே என் கேள்வி.

1981 மே 20 அன்று பிறந்தவர். வளர்ந்தது மாட்ரிட்டின் தென்மேற்கே உள்ள மோஸ்தோலெஸ். தொழிலாளர் குடும்பங்களும் கீழ்நடுத்தர வர்க்கமும் அடுக்குமாடிகளில் நெருங்கி வாழும் புறநகர். தந்தை அரசு ஊழியர், தாய் முடிதிருத்தும் தொழில் செய்தவர். பெற்றோர் கஸ்தீலியப் பகுதிக்காரர்கள், பிள்ளைக்கு வைத்த பெயரோ பாஸ்க் பெயர். இந்தப் பெயர்ப் பொருத்தத்தைப் பின்னால் பார்ப்போம். சிறுவயதில் தந்தை நிரப்பிக் கொடுத்த கால்பந்துப் பந்தயச் சீட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க மறந்தார், அந்த வாரம் அத்தனை முடிவும் சரியாக வந்திருந்தது, குடும்பத்துக்கு வரவேண்டிய பெரும்பணம் போயிற்று என்று ஒரு கதை அவரைப் பற்றிச் சொல்வார்கள். பிற்பாடு அந்தக் கடனை வட்டியும் முதலுமாக அடைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

1990இல், 9 வயதில், ரியல் மாட்ரிட்டின் இளையோர் பயிற்சிப் பிரிவில் சேர்ந்தார். 1997 நவம்பரில் பெரிய அணி நார்வேயின் ரோசன்போர்க்குடன் ஆடப் புறப்பட்டபோது கோல்கீப்பர் பற்றாக்குறை. பள்ளியில் இருந்த 16 வயதுப் பையனைக் கூப்பிட்டு விமானத்தில் ஏற்றினார்கள். ஆடவில்லை, பெஞ்சில் உட்கார்ந்து திரும்பினான். 1999 செப்டம்பர் 12 அன்று, ஜெர்மானிய கோல்கீப்பர் போடோ இல்க்னர் காயத்தில் இருக்க, பில்பாவோவின் சான் மாமெஸ் அரங்கில் அத்லெடிக் அணிக்கு எதிராக முதல் ஆட்டம். 2-2. அந்தப் பருவம் முடிவதற்குள், 2000 மே 24 அன்று, பாரிஸில் வாலென்சியாவுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். மாட்ரிட் 3-0 என வென்றது. 19 வயது நிரம்பி நான்கே நாள். எதிர்க் கோலில் நின்றவர் அதே கன்யிசாரெஸ்.

இந்த ஏற்றம் நேர்கோட்டில் போகவில்லை. 2001-02 பருவத்தில் பயிற்சியாளர் விசென்டே தெல் போஸ்கே அவரை உட்காரவைத்துவிட்டு செசார் சான்செஸை ஆடவிட்டார். கிளாஸ்கோவில் பேயர் லெவர்குசனுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தையும் பெஞ்சிலிருந்துதான் பார்த்துக்கொண்டிருந்தார். ஸிடான் அடித்த புகழ்பெற்ற அந்த வாலி கோலுக்குப் பிறகு மாட்ரிட் 2-1 முன்னிலை. 68ஆவது நிமிடத்தில் செசாருக்குக் காயம். உடம்பு சூடேறாமலே உள்ளே போன கசியாஸ், கடைசி நிமிடங்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் பந்துகளைத் தடுத்தார். ஆட்டம் முடிந்ததும் மைதானத்திலேயே அழுதார். சில நாள்களிலேயே கன்யிசாரெஸின் பாட்டில் உடைந்தது. இல்க்னர், செசார், கன்யிசாரெஸ் என்று மூன்று பேருடைய காயம் மூன்று கதவுகளைத் திறந்தது. அதிர்ஷ்டக்காரர் என்னும் தரப்பு பிடித்துக்கொள்வது இதைத்தான்.

ஆனால் கோல்கீப்பர் என்னும் வேலையின் அமைப்பே அப்படி. பத்துப் பேருக்கு மாற்று ஆட்டக்காரர் இறங்க ஒவ்வொரு வாரமும் வாய்ப்பு உண்டு. கோலில் நிற்பவர் ஒருவர்தான். அவர் நலமாக இருக்கும்வரை இரண்டாமவர் கோட்டு போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியதே. கதவு எல்லோருக்கும் விபத்தால்தான் திறக்கிறது. திறந்த கதவுக்குள் போனபின் என்ன செய்தார் என்பதே கணக்கு. கொரியாவின் சுவோனில் அயர்லாந்துக்கு எதிராக, ஆட்டத்துக்குள்ளே இயன் ஹார்ட்டின் பெனால்டியைத் தடுத்தார். ஆட்டம் 1-1 என முடிந்து பெனால்டி வரிசைக்குப் போனபோது இன்னும் இரண்டைத் தடுத்தார். அடுத்த சுற்றில் தென் கொரியாவிடம் ஸ்பெயின் பெனால்டியில் தோற்றது வேறு கதை. சென்றபோது மாற்றாளாகச் சென்றவர், திரும்பியபோது நாட்டின் கோல்கீப்பராகத் திரும்பினார்.

அவர் உட்கார்ந்த நாற்காலியின் வரலாற்றைச் சொல்லாமல் அவரை எடைபோட முடியாது. ஸ்பெயினில் கோல்கீப்பர் மரபு ரிக்கார்டோ ஸமோராவில் தொடங்குகிறது. 1901இல் பார்சிலோனாவில் பிறந்தவர். கம்பளி ஜெர்சியும் தொப்பியும் அணிந்து நிற்கும் அவருடைய படத்தை ஸ்பானிய விளையாட்டு நூல்கள் எதிலும் பார்க்கலாம். 1936 ஜூன் 21 அன்று வாலென்சியாவில் நடந்த கோப்பை இறுதியாட்டத்தில், மாட்ரிட் 2-1 என முன்னணியில் இருக்க, கடைசி நேரத்தில் பார்சிலோனாவின் எஸ்கோலா அடித்த பந்து ஸமோராவின் பக்கம் போனது. புழுதி எழுந்து கண்ணை மறைத்தது. கோல் என்றே அரங்கம் நினைத்தது. புழுதி அடங்கியபோது பந்து ஸமோராவின் கையில். ஒரு மாதத்துக்குள் உள்நாட்டுப் போர் மூண்டது, பின்னர் ஸமோரா மாட்ரிட் சிறையில் இருந்தார். அந்தப் புழுதியும் பந்தும்தான் ஸ்பானியர்கள் கோல்கீப்பரிடம் எதிர்பார்ப்பதன் முதல் வடிவம். வழக்கமான வேலையை யாரும் பேசுவதில்லை, அற்புதம்தான் பேச்சு.

அதன்பின் மரபு பெரும்பாலும் பாஸ்க் கைகளில். சரௌட்ஸ் கடற்கரை ஊரிலிருந்து வந்த ஹோசே ஆன்ஹெல் இரிபார், 1964 ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணியின் காவலர். ரியல் சோசியதாதின் லூயிஸ் அர்கொனாடா. 126 முறை நாட்டுக்காக ஆடிய அந்தோனி ஸுபிஸரெட்டா. மாட்ரிட் புறநகர்ப் பையனின் பாஸ்க் பெயர் இந்த வரிசையில் எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது பாருங்கள்.

இந்த மூவரில் இருவரை நாடு எதற்காக நினைவில் வைத்திருக்கிறது? 1984 ஜூன் 27, பாரிஸ். ஐரோப்பியக் கோப்பை இறுதி. மிஷேல் பிளாட்டினியின் ஃப்ரீ கிக், பெரிய வேகமொன்றுமில்லாத பந்து, அர்கொனாடாவின் உடலுக்கு அடியில் நழுவிக் கோட்டைக் கடந்தது. இரண்டு லீக் பட்டங்களைத் தன் ஊர் அணிக்கு வாங்கித் தந்த மனிதரின் பெயர் கோல்கீப்பர் தவறுக்கே மறுபெயரானது. 1998 ஜூன் 13, நாந்த். நைஜீரியாவின் கர்பா லவால் இடப்பக்கத்திலிருந்து தாழ அனுப்பிய பந்தை ஸுபிஸரெட்டா தன் வலைக்குள்ளேயே திருப்பிவிட்டார். ஸ்பெயின் 3-2 எனத் தோற்று, பின்னர் முதல் சுற்றோடு வெளியேறியது. 126 ஆட்டங்களில் மக்கள் நினைவில் எஞ்சியது அந்த ஒன்று. அற்புதத்தால் அளப்பவர்கள் அவமானத்தாலும் அளப்பார்கள். கசியாஸ் ஏறியது இப்படிப்பட்ட தராசில்.

வேறு தராசும் உண்டு. ‘மார்கா’ விளையாட்டு நாளிதழ் 1958-59 பருவம் முதல் வழங்கிவரும் விருதுக்கு ஸமோராவின் பெயர்தான். ஆட்டத்துக்கு மிகக் குறைந்த கோல் வாங்கிய கோல்கீப்பருக்கு அது. பார்சிலோனாவின் விக்டர் வால்டெஸ் அதை ஐந்து முறை பெற்றார். கசியாஸ் பெற்றது ஒரே ஒரு முறை, 2007-08இல். அதே கசியாஸை, கால்பந்து வரலாறு மற்றும் புள்ளிவிவரங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு 2008 முதல் 2012 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் உலகின் சிறந்த கோல்கீப்பராகத் தேர்ந்தது. ஒரே மனிதர், ஒரே காலம், இரண்டு தராசு. முள் இரண்டிலும் வேறுவேறு பக்கம்.

இந்த முரண்பாட்டுக்கு விடை மாட்ரிட் அணி கட்டப்பட்ட விதத்தில் இருக்கிறது. 2000இல் தலைவரான ஃப்ளோரெண்டினோ பெரெஸ் ஆண்டுக்கொரு நட்சத்திரத்தை வாங்கினார். ஃபிகோ, ஸிடான், ரொனால்டோ, பெக்காம். எல்லோரும் முன்னே போகிறவர்கள். இவர்களுக்கெல்லாம் பின்னால் நின்று பந்தைப் பறித்துக்கொண்டிருந்த கிளாட் மாக்கெலெலே 2003இல் செல்சிக்குப் போனதும் நடுவில் திறந்த வீதி. எதிரணி ஆட்டக்காரர்கள் கசியாஸை நோக்கித் தனியாக ஓடிவருவது வாராந்தர வழக்கமானது. ஸமோரா விருது அணியின் தடுப்பை அளக்கிறது. அந்தத் தடுப்பு இல்லாத இடத்தில்தான் கசியாஸின் கலை வளர்ந்தது. காவலில்லாத வீட்டில்தான் நாயின் அருமை தெரியும்.

அந்தக் கலை என்ன? 1.82 மீட்டர் உயரம், இன்றைய கோல்கீப்பர்களுக்கு நடுவே குட்டைதான். நீண்ட கைகளால் வான்வழிப் பந்துகளை ஆளும் ஆள் அல்லர். அவருடைய பலம் முதல் இரண்டு அடியில் இருந்தது. நின்ற இடத்திலிருந்து பக்கவாட்டில் வெடித்துப் பாயும் வேகம், தரையோடு தரையாக விரியும் கால்கள், எதிராளி அடிக்கும் கணம்வரை நின்றபடியே இருக்கும் துணிச்சல். 2009 அக்டோபரில் செவிய்யா அரங்கில் நடந்ததை இன்றும் தேடிப் பார்ப்பார்கள். பந்து கோலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடந்துபோய், ஆளில்லாத வலையின் எதிரே டியேகோ பெரோட்டியிடம் விழுகிறது. ஒரு முனையில் நின்ற கசியாஸ் கோலின் அகலம் முழுதும் கடந்துவந்து தடுக்கிறார். 1970இல் பெலேயின் தலைமுட்டலைத் தடுத்த கார்டன் பேங்க்ஸே வியந்து பாராட்டினார். அன்று மாட்ரிட் 2-1 எனத் தோற்றது என்பதைப் படக்காட்சியைப் பகிர்கிறவர்கள் சொல்வதில்லை.

ஸ்பெயின் அணியில் நிலைமை நேரெதிர். 2008இலிருந்து ஷாவியும் இனியெஸ்டாவும் பந்தை விடாமல் வைத்திருந்தார்கள். கோல்கீப்பருக்கு ஒரு மணிநேரம் வேலையே இராது, பிறகு ஒரே ஒரு பந்து வரும். அதை விட்டால் எல்லாம் போயிற்று. எண்கள் வியப்பானவை. 2008 ஐரோப்பியக் கோப்பை, 2010 உலகக் கோப்பை, 2012 ஐரோப்பியக் கோப்பை மூன்றிலும் வெளியேற்றச் சுற்று ஆட்டங்கள் மொத்தம் பத்து. அந்தப் பத்திலும் ஸ்பெயின் ஒரு கோல்கூட வாங்கவில்லை. 2010இல் நான்கு வெளியேற்ற ஆட்டங்களும் 1-0. ஒரு கோல் அடித்தால் போதும் என்று ஓர் அணி நம்பி ஆடுவதற்குப் பின்னால் யாரோ ஒருவர் நிற்க வேண்டும்.

வியன்னாவில் 2008 ஜூன் 22 அன்று நடந்த காலிறுதி இதற்கெல்லாம் தலைவாசல். ஸ்பானியர்களுக்கு அந்தத் தேதியே ஆகாது. 1986இல் பெல்ஜியத்திடம், 1996இல் இங்கிலாந்திடம், 2002இல் கொரியாவிடம் பெனால்டியில் வெளியேறியது மூன்றுமே ஜூன் 22. அன்றும் இத்தாலியுடன் 0-0, அன்றும் பெனால்டி. எதிரே நின்றவர் ஜியான்லூயிஜி புஃபோன். கசியாஸ் தெ ரோஸியையும் தி நட்டாலேயையும் தடுத்தார், ஃபாப்ரெகாஸ் கடைசிப் பந்தை உள்ளே தள்ளினார். ஒரு வாரம் கழித்து ஜெர்மனியை வென்று கோப்பை. பதக்கம் வாங்க வரிசையில் நின்றபோது மூன்றாம் கோல்கீப்பர் ஆந்த்ரேஸ் பாலோப் பழைய ஜெர்சி ஒன்றை அணிந்திருந்தார். அது 1984இல் அர்கொனாடா போட்டிருந்தது. பதக்கத்தைக் கழுத்தில் மாட்டியவர் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்தின் அன்றைய தலைவர், அதே பிளாட்டினி. 24 ஆண்டுக் கணக்கை ஒரு துணியால் தீர்த்த அந்தக் காட்சி, கோல்கீப்பர்களின் குலத்துக்குள் என்ன ஓடுகிறது என்பதை எனக்குப் பல புத்தகங்களைவிட நன்றாகச் சொன்னது. ஆடாத ஒருவர், ஆட்டத்தை எப்போதோ விட்டுவிட்ட ஒருவருக்காகச் செய்தது.

தென்னாப்பிரிக்காவுக்கு வருவோம். முதல் ஆட்டத்தில் சுவிட்சர்லாந்திடம் 1-0 தோல்வி. மைதான ஓரத்தில் நின்ற தொலைக்காட்சிச் செய்தியாளர் சாரா கார்போனெரோ, கசியாஸின் காதலி. அவருடைய கவனம் ஆட்டத்தில் இல்லை என்று பேச்சு கிளம்பியது. காலிறுதியில் பராகுவே. 0-0 என்றிருக்க ஆஸ்கர் கார்டோசோவுக்கு பெனால்டி. மாற்று கோல்கீப்பர் பெப்பே ரெய்னா கார்டோசோ வழக்கமாக எந்தப் பக்கம் அடிப்பார் என்று முன்பே சொல்லிவைத்திருந்தார். கசியாஸ் அந்தப் பக்கம் விழுந்தார். தட்டிவிடவில்லை, பந்தை மார்போடு அணைத்துப் பிடித்தார். பெஞ்சில் இருப்பவரின் கண்ணும் உள்ளே நிற்பவரின் கையும் ஒன்றாகச் செய்த வேலை அது.

நெதர்லாந்துடனான இறுதியாட்டம் நம் கணக்கில் ஜூலை 12 பிறக்கும் நள்ளிரவில் தொடங்கியது. உறங்காமல் விழித்திருந்து பார்த்தவர்களுக்கு 62ஆவது நிமிடம் மறந்திருக்காது. வெஸ்லி ஸ்னைடர் தடுப்பாட்டக்காரர்கள் இருவருக்கு நடுவே பந்தைச் செருகினார். ராபன் ஓடினார், அவருக்கும் கோலுக்கும் நடுவே கசியாஸ் மட்டும். முன்னே வந்தார், நின்றார், ராபன் காலை வீசினார். கசியாஸின் உடல் ஏற்கெனவே சாய்ந்துவிட்டது. கை போய்ச் சேராத பக்கம் பந்து. பின்தங்கி நீண்டிருந்த வலது கால் அதைத் தொட்டது. பந்து திசைமாறிக் கம்பத்துக்கு வெளியே உருண்டது.

அதிர்ஷ்டமா, திறமையா? ஸ்பெயினில் மட்டுமல்ல, நெதர்லாந்திலும் இன்னும் பேசுகிறார்கள். ஏமாந்து தவறான பக்கம் விழுந்தவரின் காலில் பந்து தற்செயலாகப் பட்டது என்கிறது ஒரு வாதம். காட்சியை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் இரண்டு சங்கதிகள் தெரியும். ஒன்று, அவர் ராபனின் காலடிவரை பாய்ந்துபோகவில்லை. தூரத்தைக் குறைத்துவிட்டு, கடைசிவரை முடிவைத் தள்ளிப்போட்டார். அதனால்தான் ராபனுக்குக் கோலின் அகலம் சிறுத்தது. இரண்டு, விழும்போது கால்களை ஒடுக்கவில்லை. கை ஒரு பக்கத்தை மூடினால் கால் மறுபக்கத்தை மூடட்டும் என்ற விரிப்பு அது, அவர் நூறு முறை செய்தது. நூறில் எத்தனை முறை பந்து அந்தக் காலில் படும் என்பது அதிர்ஷ்டம். கால் அங்கே இருந்தது பழக்கம். 83ஆவது நிமிடத்தில் ராபன் தடுப்பாட்டக்காரர் பூயோலைத் தாண்டி மீண்டும் தனியே வந்தபோது இந்தத் தர்க்கத்துக்கே இடம் வைக்காமல் காலடியில் விழுந்து பந்தைக் கவர்ந்துகொண்டார். 116ஆவது நிமிடத்தில் இனியெஸ்டாவின் கோல். கோப்பையைத் தூக்கியவர் கசியாஸ். பேட்டியின் நடுவே கார்போனெரோவுக்குக் கொடுத்த முத்தம், முதல் ஆட்டத்துப் பேச்சுகளுக்குச் சொன்ன பதிலாயிற்று.

இரண்டாண்டுகளில் இன்னொரு ஐரோப்பியக் கோப்பை. இத்தாலிக்கு எதிரான இறுதியில் 4-0 ஆனபோது, கூடுதல் நேரம் வேண்டாம், எதிரணிக்கு மரியாதை தந்து முடித்துவிடுங்கள் என்று நடுவர் குழுவில் ஒருவரிடம் அவர் கேட்பது ஒளிப்பதிவில் இருக்கிறது. அதே ஆண்டு பார்சிலோனாவின் ஷாவியோடு சேர்த்து அஸ்தூரியாஸ் இளவரசர் விருது. மாட்ரிட்டும் பார்சிலோனாவும் 2011இல் மைதானத்தில் அடித்துக்கொள்ளும் நிலைக்கு வந்தபோது தேசிய அணி உடையாதிருக்க இருவரும் தொலைபேசியில் பேசிச் சமாதானம் செய்தார்கள். உலகம் பாராட்டிய அந்த அழைப்பு மாட்ரிட்டில் எல்லோருக்கும் இனிக்கவில்லை.

2010இல் மாட்ரிட்டுக்குப் பயிற்சியாளராக வந்திருந்தவர் ஜோசே மொரினியோ. 2012 டிசம்பர் 22 அன்று மாலகாவுக்கு எதிராக கசியாஸை உட்காரவைத்து அந்தோனியோ அதானை இறக்கினார். மாட்ரிட் 3-2 எனத் தோற்றது. அடுத்த மாதம் வாலென்சியாவில், தன் அணிக்காரர் அர்பெலோவாவின் உதை பட்டு கசியாஸின் இடது கையில் எலும்பு முறிந்தது. உடனே செவிய்யாவிலிருந்து டியேகோ லோபெஸ் வந்தார். கை கூடியபிறகும் கசியாஸுக்கு அந்தப் பருவம் இடம் இல்லை. மற்றவர் காயத்தால் திறந்த கதவு, தன் காயத்தால் மூடியது.

பத்திரிகைகள் இரு கட்சியாகப் பிரிந்தன. உடைமாற்றும் அறைச் செய்திகளை வெளியே கசியவிடுகிறார் என்று ஒரு கட்சி. நாட்டின் கேப்டனை ஒரு வெளியூர்க்காரர் பழிவாங்குகிறார் என்று மறுகட்சி. இந்தச் சண்டையில் யாரும் பொறுமையாகக் கேட்காத வாதம் ஒன்று உண்டு. மொரினியோ தன் விருப்பத்தைக் கோல்கீப்பிங் சொற்களிலேயே சொன்னார். வெளியே வந்து வான்வழிப் பந்தை ஆள்பவர், காலால் ஆடத் தெரிந்தவர் தனக்குப் பிடிக்கும், லோபெஸ் அப்படிப்பட்டவர் என்றார். அவரிடம் வன்மமும் இருந்திருக்கலாம். ஆனால் சொன்ன காரணம் பொய்யல்ல.

கோல்கீப்பரின் கால் எப்போது கேள்வியானது? 1992இல் விதி மாறியது. தன் அணிக்காரர் காலால் திருப்பித் தரும் பந்தைக் கையால் தொடக்கூடாது. அதுவரை நெருக்கடியில் கோல்கீப்பரிடம் பந்தைக் கொடுத்து மூச்சுவிடலாம். இப்போது அவரும் உதைத்தாக வேண்டும். இதை முழுத் தத்துவமாக வளர்த்தது பார்சிலோனா. பயிற்சியாளர் க்ராய்ஃப் தொடங்கி குவார்டியோலா வரை, கோல்கீப்பர் அங்கே பதினோராவது களவீரர். 2011 டிசம்பரில் மாட்ரிட்டில் நடந்த ஆட்டம் இதற்குப் பாடம். முதல் நிமிடத்துக்குள் வால்டெஸ் தவறான பாஸ் கொடுத்து பென்ஸெமா கோல் அடித்தார். அதன்பின்னும் வால்டெஸ் நீளமாக உதைத்துத் தள்ளவில்லை, மீண்டும் மீண்டும் காலடியில் குட்டைப் பாஸ்களையே கொடுத்தார். பார்சிலோனா 3-1 என வென்றது. தேசிய அணிக்கு ஷாவி, புஸ்கெட்ஸ் என்று அந்தப் பள்ளியின் கால்களெல்லாம் வந்தன. கோலில் மட்டும் பழைய பள்ளிக் கைகள். வால்டெஸ் நாட்டுக்கு ஆடியது 20 முறைதான். ஸ்பெயின் அந்த ஆறாண்டுகள் இரண்டு காலத்தையும் ஒருசேர ஆண்டது என்பேன். புதிய காலம் பந்தை வைத்திருந்தது, பழைய காலம் அந்த ஒரே பந்தைத் தடுத்தது.

2014இல் கணக்கு முடிந்தது. மொரினியோ போய் கார்லோ ஆஞ்சலோட்டி வந்து, லீக்கில் லோபெஸ், சாம்பியன்ஸ் லீக்கிலும் நாட்டுக் கோப்பையிலும் கசியாஸ் என்று பங்கு பிரித்தார். மே 24 அன்று லிஸ்பனில் அட்லெடிகோவுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதி. 36ஆவது நிமிடத்தில் வெளியே வருவதா நிற்பதா என்று முடிவெடுக்காமல் நடுவழியில் மாட்டிக்கொண்டார், கோதினின் தலைமுட்டல் அவர் தலைக்குமேல் போய் உள்ளே விழுந்தது. 93ஆவது நிமிடத்தில் செர்ஜியோ ரமோஸ் சமன்செய்யாதிருந்தால் அர்கொனாடாவின் பக்கத்தில் இன்னொரு பெயர் எழுதப்பட்டிருக்கும். மாட்ரிட் 4-1 என வென்றது. கசியாஸுக்கு அது மூன்றாவது ஐரோப்பியப் பட்டம்.

மூன்று வாரம் கழித்து உலகக் கோப்பையில், பிரேசிலின் சால்வடோரில் நெதர்லாந்துக்கு எதிராக ரமோஸால் யாரையும் காப்பாற்ற முடியவில்லை. உலகக் கோப்பை ஆட்டங்களில் 477 நிமிடம் கோல் வாங்காமல் வந்து, இத்தாலியரான வால்டர் ஸெங்காவின் 517 நிமிடச் சாதனையை நெருங்கிக்கொண்டிருந்தவரின் தலைக்குமேல் வான் பெர்சி பறந்து முட்டிய பந்து போயிற்று. நான்காவது கோலில் திரும்பி வந்த பந்தைக் காலில் வாங்கிக் கட்டுப்படுத்தத் தவறினார். வான் பெர்சி பறித்து உள்ளே தட்டினார். ஐந்தாவது ராபன். நான்காண்டுகளுக்கு முன் ஒரு காலால் தடுக்கப்பட்டவர், இம்முறை அவசரமே படவில்லை. தரையில் கையும் முழங்காலுமாகத் தவழ்ந்த கசியாஸைச் சுற்றிக்கொண்டு போய் அடித்தார். 5-1. அடுத்து சிலியிடம் 2-0. நடப்புச் சாம்பியன் இரண்டே ஆட்டத்தில் வெளியே.

மொரினியோ சரி என்று இது நிரூபித்ததா? நான் அப்படிப் படிக்கவில்லை. 33 வயதில் கோல்கீப்பர்கள் சரிவதில்லை, புஃபோன் நாற்பதைத் தாண்டியும் நின்றார். ஆனால் கசியாஸின் கலை உடம்பின் வெடிப்பை நம்பியது. அந்த முதல் இரண்டடி அரை நொடி தாமதமானால் ஈடுகட்ட உயரமோ காலாட்டமோ இல்லை. மாதக்கணக்கில் ஆடாமல் உட்காரவைத்தது அந்தத் தாமதத்தை விரைவுபடுத்தியிருக்கும். பாதி மொரினியோ, பாதி காலம். ஸ்பெயினில் இரு கட்சிக்காரர்களும் என்னைச் சபிக்கக்கூடிய முடிவு இது.

2014-15இல் சொந்த அரங்கிலேயே சீழ்க்கை. 2015 ஜூலை 12, ஜோகன்னஸ்பர்க் இரவுக்கு ஏறக்குறைய ஐந்தாண்டு நிறைவில், செய்தியாளர் அறையில் ஒரு மேசைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து எழுதிவைத்த விடைபெறும் உரையைப் படித்தார். பலமுறை குரல் உடைந்தது. பக்கத்தில் நிர்வாகிகள் யாரும் இல்லை. 25 ஆண்டுகள், 725 ஆட்டங்கள், ஐந்து லீக், மூன்று சாம்பியன்ஸ் லீக். அந்த வெற்று மேசையின் படம் ஊரெங்கும் பரவியபின் மறுநாள் அவசரமாக ஒரு விழா எடுத்தார்கள். வாரிசாக டாவிட் தெ ஹேயாவைக் கொண்டுவரத் திட்டமிட்டு, ஆகஸ்ட் கடைசி நாளில் ஆவணங்கள் நேரத்துக்குச் சேராமல் அதுவும் கைவிட்டுப் போனது. மாற்றாளாக இருந்த கெய்லர் நவாஸ் மூன்று சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளை வென்றார். மாற்றாள்கள் மாட்ரிட்டில் எப்போதும் நல்ல வேலை செய்கிறார்கள்.

நாட்டுக்காக 167 ஆட்டங்கள். 2016 ஐரோப்பியக் கோப்பைக்குப் போனார், ஆடியது தெ ஹேயா. 2018 உலகக் கோப்பையில் தெ ஹேயாவின் கைநழுவலுக்கும் ஸ்பெயின் அர்கொனாடாவை நினைவுகூர்ந்தது. பிறகு மீண்டும் பாஸ்க் நாட்டிலிருந்து உனாய் சிமோன். காலால் ஆடத் தெரிந்தவர் என்றே தேர்ந்தெடுக்கப்பட்டார். 2021இல் குரோஷியாவுக்கு எதிராகத் தன் அணியின் பெத்ரி திருப்பித் தந்த பந்தைக் காலில் வாங்கத் தவறியே கோல் வாங்கினார். நான்கு நாள் கழித்து சுவிட்சர்லாந்தின் இரண்டு பெனால்டிகளைக் கையால் தடுத்தார். 2024இல் ஐரோப்பியக் கோப்பை வென்ற அணியிலும் அவர்தான்.

கசியாஸ் போர்த்துகலின் போர்ட்டோவுக்குப் போனார். அங்கேயும் 2017இல் ஜோசே சா என்ற இளைஞருக்கு இடம் இழந்து, மீண்டும் பெற்று, தொடர்ந்து நான்கு முறை வென்றிருந்த பென்ஃபிகாவை மறித்து 2017-18 லீக் பட்டத்தை வென்றார். 2019 மே 1 காலைப் பயிற்சியில் மாரடைப்பு. மருத்துவர்கள் காப்பாற்றினார்கள், ஆட்டத்துக்குத் திரும்பவில்லை. 2020 ஆகஸ்ட் 4 அன்று ஓய்வை அறிவித்தார்.

ஆக, கடைசி ஆட்டம் எதுவென்று பின்னால்தான் எல்லோரும் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. 2019 ஏப்ரல் 26, போர்ட்டோவுக்கு வடக்கே கடலோர ஊரான வில்லா தோ கோந்தெ, ரியோ ஆவே அணியின் சிறிய அரங்கு. போர்ட்டோ 2-0 என முன்னணியில் இருந்தது. கடைசி சில நிமிடங்களில் இரண்டு பந்துகள் அவரைத் தாண்டிப் போயின. 2-2. வலைக்குள் கிடந்த பந்தை எடுத்து நடுவட்டத்துக்கு அனுப்பினார்கள், நேரம் முடிந்துவிட்டது.